பாட்காஸ்ட் டிஸ்கிரிப்ஷன்: முதல் இரண்டு வரியில் எதை வைப்பது?

ஒரு எபிசோடைப் பதிவுசெய்து, இருமலையும் நாற்காலி கிறீச்சிடுவதையும் வெட்டியெறிந்து, இரண்டு மைக்கின் சத்தத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து முடிக்கும்போது இரவு பன்னிரண்டு ஆகிவிடும். அப்புறம் எபிசோடுகளை வெளியிடும் ஹோஸ்டிங் தளத்தில் ஒலிக்கோப்பை ஏற்றினால், தலைப்புக்குக் கீழே ஒரு காலிப் பெட்டி நிற்கும். டிஸ்கிரிப்ஷன், அதாவது எபிசோடைப் பற்றிய குறிப்பு, எழுதச் சொல்லும். அந்த நேரத்தில் கை தானாக ‘வணக்கம் நண்பர்களே’ என்று தட்டிவிடும். நானும் என் நண்பரும் ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுடையது தென்மாவட்டக் கண்மாய்கள், ஊருணிகள், மடைகள் பற்றிய பாட்காஸ்ட். மதுரையில் ஒரு மாடி அறை, இரண்டு பேர், ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு. நண்பரின் அத்தை திருநெல்வேலியில் இருக்கிறார். மகன் வாங்கித் தந்த போனில் எங்கள் நிகழ்ச்சியைத் தேடிப் பிடித்துத் திறந்திருக்கிறார். மறுநாள் நண்பரை அழைத்துச் சொன்னார்: “எல்லாத்துலயும் வணக்கம்னுதான்டா இருக்கு. எதைக் கேக்கணும்னு தெரியல, மூடி வச்சிட்டேன்.”

எடுத்துப் பார்த்தோம். உண்மைதான். ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் எபிசோடு பட்டியலில் தலைப்புக்குக் கீழே குறிப்பின் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி மடங்கிவிடும். தமிழ் எழுத்து அகலம் கூடியது என்பதால் அந்த வரிகளில் ஆங்கிலத்தைவிடக் குறைவாகவே அடங்கும். எங்கள் முதல் வரிகள் எல்லா எபிசோடிலும் ஒன்றேதான்: ‘வணக்கம் நண்பர்களே! இந்த வார எபிசோடில் நாம் பேசப்போவது நம் பாரம்பரிய…’ அங்கே மூன்று புள்ளி விழுந்துவிடும். விஷயம் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் எந்த மாதிரிக் குறிப்பு எதற்கு உதவும் என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஒரே எபிசோடு, நான்கு குறிப்பு

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 42 நிமிட எபிசோடு ஒன்று. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் நீர்பாய்ச்சியாக இருந்து ஓய்ந்த பெரியவருடன் பேசியது. கண்மாய் மடையைத் திறந்து மூடி, ஆயக்கட்டு வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுபவர் நீர்பாய்ச்சி. வேறு ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், கம்புக்கட்டி என்பார்கள். கூலி பெரும்பாலும் அறுவடையில் நெல்லாக வரும்.

முதல் குறிப்பு நாங்கள் வழக்கமாக எழுதுவது:

‘வணக்கம் நண்பர்களே! இந்த வார எபிசோடில் நம் பாரம்பரிய நீர் மேலாண்மை குறித்தும் முன்னோர்களின் அறிவு குறித்தும் விரிவாகப் பேசியிருக்கிறோம். கேட்டுவிட்டு உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் எந்த எபிசோடுக்கு அடியில் ஒட்டினாலும் ஒட்டும். நீர்பாய்ச்சி என்ற சொல்லே இல்லை என்பதால், அந்தச் சொல்லை யாராவது தேடினால் இந்தக் குறிப்பால் ஒரு பயனும் கிடையாது.

இரண்டாவது, ஆளை முன்னால் நிறுத்துவது:

‘நாற்பது வருஷம் ஒரே கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதவர். அவரோடு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசியது.’

மூன்றாவது, சிக்கலை முன்னால் வைப்பது:

‘கண்மாய் பாதிதான் நிறைந்த வருஷம். ஆயக்கட்டு முழுக்கப் பயிர் தொண்டைக் கதிரில் நிற்கிறது. தண்ணீரை முதலில் யார் வயலுக்கு விடுவது? சொந்தத் தம்பியின் வயலும் அதில் ஒன்று.’

நான்காவது, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல்:

‘03:10 நீர்பாய்ச்சி வேலை என்றால் என்ன. 11:45 மடை திறக்கும் நாள். 19:20 தண்ணீர் குறைந்த வருஷம். 31:00 நெல்லாக வந்த கூலி. 37:30 இப்போது அந்த வேலையைச் செய்வது யார்.’

நான்கையும் ஆளுக்கொரு போனில் போட்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் பக்கத்து டீக்கடையிலும் காட்டினோம். அறிவியல் பூர்வமான ஆய்வு ஒன்றும் இல்லை, டீ குடிக்கும்போது கேட்டதுதான். மூன்றாவதைப் படித்தவர்கள் “அப்புறம் என்ன செஞ்சாரு?” என்று கேட்டார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் “எந்த ஊர்க்காரர்?” என்றார்கள். நான்காவதைப் பார்த்தவர்களில், ஏற்கெனவே எங்கள் நிகழ்ச்சியைக் கேட்பவர் ஒருவர் மட்டும் “இது நல்லாருக்கு, நேரா அந்த இடத்துக்குப் போயிடலாம்” என்றார். முதலாவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரக்குறிப் பட்டியல் கேட்கலாமா என்று யோசிப்பவரைவிட, கேட்க முடிவுசெய்துவிட்டவருக்கும் ஒருமுறை கேட்டு முடித்துத் திரும்பி வருபவருக்கும்தான் அதிகம் உதவுகிறது. ஆக அது வேண்டும், ஆனால் மேலே வேண்டாம். மேலே சிக்கல் வர வேண்டும், இல்லையென்றால் ஆள் வர வேண்டும். எது என்பது எபிசோடைப் பொறுத்தது. விருந்தினர் பெயரைப் பலரும் அறிந்திருந்தால் பெயரே போதும், முதல் சொல்லாகப் போட்டுவிடலாம். எங்கள் நீர்பாய்ச்சியைப் போல அவருடைய ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாதவர் என்றால், அவர் பட்ட ஒரு இக்கட்டுதான் அவருக்கு அறிமுகம்.

சிக்கலை முன்வைக்கும் முறையில் ஒரு ஆபத்து உண்டு. எழுத எழுதக் காரம் ஏறிக்கொண்டே போகும். ‘சொந்தத் தம்பியின் வயல்’ என்பது அடுத்த திருத்தத்தில் ‘தம்பிக்கே துரோகமா?’ என்று ஆகும், அதற்கடுத்து ‘அதிர்ச்சி’ வந்து சேரும். பெரியவர் அந்தத் தம்பி விஷயத்தைச் சொன்னது ஒன்றரை நிமிடம், அதுவும் சிரித்துக்கொண்டே. 42 நிமிடமும் அதைப் பற்றித்தான் என்று நினைத்து வருபவர் பத்தாவது நிமிடத்தில் போய்விடுவார். நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: முதல் வரியில் வைக்கும் விஷயம் ஒலியில் முதல் கால் பங்குக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வேறு வரி தேட வேண்டும், அல்லது எடிட்டிங்கில் அந்தப் பகுதியை முன்னால் இழுக்க வேண்டும். நீர்பாய்ச்சி எபிசோடில் பத்தொன்பதாவது நிமிடத்தில் இருந்த தண்ணீர்ப் பஞ்சக் கதையை ஏழாவது நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். எழுத்து வேலைக்கு உட்கார்ந்தவன் ஒலியைத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

தமிழ் எழுத்தா, தங்கிலீஷா, ஆங்கிலமா?

எங்களுக்குள் அதிகம் சண்டை வந்தது இதில்தான்.

நண்பர் கட்சி: தேடுபவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள், ஆகவே குறிப்பையும் அப்படியே எழுதுவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கண்மாய்’ என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒரு ‘ஏ’ போடுவார், இன்னொருவர் இரண்டு. கடைசி எழுத்து ‘ஐ’யா ‘ஒய்’யா என்பது அவரவர் பழக்கம். ‘ழ’ வந்துவிட்டால் ‘இசட்-எச்’ போடுபவரும் உண்டு, ‘எல்’லோடு நிறுத்துபவரும் உண்டு. நாம் எழுதிய வடிவமும் அவர் தட்டிய வடிவமும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்தத் தங்கிலீஷை ஆங்கிலம் என்று நினைத்து வாசிக்கும், கேட்கச் சகிக்காது. பாட்காஸ்ட் கேட்பவர்களில் பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒலி நிகழ்ச்சி செய்கிற நாமே மறந்தால் எப்படி?

என் கட்சி: முழுக்கத் தமிழ் எழுத்து. அதில் ஓட்டை எங்கே என்று காட்டியது நண்பரின் அக்கா மகள். டொரொண்டோவில் வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் புரியும், ஒரு மாதிரி பேசுவாள், வாசிக்க வராது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையில் இப்படிப் பலர். இவர்களுக்கு நாவல் கொடுக்க முடியாது, பாட்காஸ்ட் கொடுக்கலாம். ஒலியில் மட்டுமே கிடைக்கிற தமிழ் வாசகர்கள் என்றுகூடச் சொல்வேன். அவர்களைத் தமிழ் எழுத்துச் சுவர் கட்டி வெளியே நிறுத்துவதில் எனக்கு என்ன லாபம்?

கடைசியில் வந்து நின்ற இடம் இது: குறிப்பு தமிழ் எழுத்தில். அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம், யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று. தங்கிலீஷ் வேண்டாம், ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மட்டும் அந்த ஆங்கில வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன, தேடுபவருக்கு அது போதும்.

தமிழுக்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது, அதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய். திருநெல்வேலியில் அதையே குளம் என்பார்கள். வடக்கே போனால் ஏரி. எங்கள் குறிப்புகளில் கண்மாய் மட்டுமே இருந்தது. செங்கல்பட்டுக்காரர் ‘ஏரி’ என்று தேடினால் நாங்கள் அகப்பட மாட்டோம். இப்போது மூன்று சொல்லும் எங்கேயாவது இயல்பாக வருகிற மாதிரி எழுதுகிறோம். இயல்பாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சொற்களை வரிசையாக அடுக்கி, கமா போட்டு, அடியில் கொட்டிவிடும் வழக்கம் இருக்கிறதே, தேடலை ஏமாற்ற இப்படிச் சம்பந்தமில்லாத சொற்களைக் குவித்தால் நிகழ்ச்சியையே நீக்கிவிடலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. படிப்பவருக்கும் அது குப்பையாகத்தான் தெரியும்.

பெயர்களிலும் இதே தொல்லை. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை பற்றி ஒரு எபிசோடு செய்தோம். அணையைக் கட்டிய பொறியாளரை பென்னிகுயிக் என்று எழுதுபவர்கள் உண்டு, பென்னி குவிக் உண்டு, தேனிப் பக்கம் பேச்சில் பென்னி குக். தலைப்பில் ஒன்று, குறிப்பில் இன்னொன்று என்று பிரித்து வைத்தோம். எழுத்துப்பிழை என்று ஒருவர் கோபமாகச் செய்தி அனுப்பினார். பரவாயில்லை.

நீளம்: நாம் நினைப்பதைவிடக் குறைவான இடம்

குறிப்பின் நீளத்தை ஆப்பிள் பைட்டில் (கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தின் அலகு) அளக்கிறது. நிகழ்ச்சிக்கான மொத்தக் குறிப்புக்கு உச்ச அளவு 4,000 பைட், எபிசோடு குறிப்புக்கு அதைவிடக் கூடுதல். 4,000 எழுத்து என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரு எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு அப்படி இல்லை.

யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். புள்ளிக்குத் தனியாக 3, கொம்புக்கும் காலுக்கும் தனியாக 3. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். ‘நீர்பாய்ச்சி’ ஆறு எழுத்து, 36 பைட். ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சராசரியாக 25 பைட் என்று வைத்தாலும் 4,000 பைட்டில் 150 சொல்லை ஒட்டித்தான் அடங்கும். அதே இடத்தில் ஆங்கிலக்காரர் 600 சொல்லுக்கு மேல் எழுதிவிடுவார்.

எனவே ‘குறிப்பு விரிவாக இருக்கட்டும், பேச்சின் சாரத்தையே எழுதிவிடு’ என்ற ஆங்கில வழிகாட்டிகளின் அறிவுரை நமக்குப் பொருந்தாது. ஆங்கிலக்காரருக்குக் கிடைப்பதில் கால் பங்கு இடம்தான் நமக்கு. சுருக்கமா விரிவா என்ற விவாதத்தில் தமிழ் எழுத்து நமக்காக ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. எங்கள் பழைய குறிப்புகளில் வணக்கம், நன்றி, ‘பெல் பட்டனை அழுத்துங்கள்’, நான்கு சமூக ஊடக முகவரி, இசை அமைத்தவருக்கு நன்றி என்று போக மிச்சம் இருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

விரிவாக எழுத ஆசைப்படுவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆப்பிள் 2024 மார்ச்சில் பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்ற நான்கு மொழிகளுக்குத்தான் தொடங்கியது. அந்த மொழிக்காரர்களுக்குக் குறிப்பு மோசமாக இருந்தாலும் பேச்சே எழுத்தாக இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லாத இடத்தில், எபிசோடைப் பற்றி இருக்கும் எழுத்து குறிப்பு மட்டும்தான். அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் எபிசோடுக்குள் இருக்கும் ஒன்றைச் சுட்ட வேண்டும் என்கிறேன். ‘பாரம்பரிய நீர் மேலாண்மை’ எதையும் சுட்டவில்லை. ‘மடை’, மிகுதி நீர் வழியும் ‘கலுங்கு’, அந்த நீர் ஓடும் ‘மறுகால்’ சுட்டுகின்றன.

யூடியூபுக்கும் அதையே ஒட்டலாமா?

2024இல் கூகுள் பாட்காஸ்ட் செயலி மூடப்பட்டது. கூகுள் அந்தக் கூட்டத்தை யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பியது. எங்களைக் கேட்பவர்களிலும் பலர் யூடியூபில்தான் இருக்கிறார்கள். அங்கே ஒரே குறிப்பை ஒட்டுவது சுலபம், ஆனால் அது வேறு வீடு. படமும் தலைப்பும்தான் அங்கே ஆளை இழுக்கும். குறிப்பு, திறந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். ஆகவே அங்கே கொக்கி போடுவதைவிடப் பட்டியல் போடுவது பயனுள்ளது. நேரக்குறிகளை யூடியூப் அத்தியாயங்களாக மாற்ற வேண்டுமானால் முதல் குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. மேலே நான் காட்டிய பட்டியல் 03:10இல் தொடங்குகிறது இல்லையா, அது அங்கே அத்தியாயமாக மாறாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

ஒலிச் செயலிகளில் வேறு சிக்கல். ஹோஸ்டிங் நிறுவனம் நடுவில் தானாக விளம்பரம் செருகும் வசதியை நீங்கள் இயக்கியிருந்தால், நேரக்குறிகள் எல்லாம் தள்ளிப்போகும். ஒருவருக்கு முப்பது விநாடி விளம்பரம், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. ‘19:20 தண்ணீர் குறைந்த வருஷம்’ என்று தொட்டவர் மடை திறக்கும் நாள் பற்றிய பேச்சின் கடைசியில் போய் விழுவார். விளம்பரம் செருகுபவர்கள் ஒலிச் செயலிகளில் நேரக்குறிகளை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எழுதுவது நல்லது.

நிகழ்ச்சிக்கான மொத்தக் குறிப்பு பற்றி ஒரு வார்த்தை. எபிசோடு குறிப்பில் நம்மைப் பற்றிப் பேச வேண்டாம், அதெல்லாம் போக வேண்டிய இடம் இதுதான். யார் நீங்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள், எங்கே எழுதிக் கேட்பது. ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் வருஷக்கணக்கில் தொட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமும் கொடுத்துப் பார்த்தோம். ‘காலத்தால் அழியாத ஞானத்தின் ஆழத்துக்குள் பயணிப்போம்’ என்று வந்தது. நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் இதைப் படித்துக் காட்டினால் மடையைத் திறந்துவிட்டிருப்பார். நீளமான பேச்சில் எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று குறித்துத் தரும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், அதையும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்த பிறகு.

இப்போது எங்கள் நடைமுறை இப்படி. பதிவு முடிந்த அன்றே, எடிட்டிங் தொடங்கும் முன், பேச்சில் மனதில் தங்கிய ஒரு இடத்தைத் தாளில் எழுதி வைத்துவிடுகிறோம். இரவு பன்னிரண்டு மணி மூளையிடம் அதைக் கேட்டால் வணக்கம்தான் சொல்லும். தலைப்பில் இருப்பதை முதல் வரியில் திருப்பிச் சொல்வதில்லை. தலைப்பும் குறிப்பும் ஒன்றின்கீழ் ஒன்றாகத்தான் தெரியப்போகின்றன, இருமுறை சொல்ல இடம் இல்லை. நீர்பாய்ச்சி எபிசோடின் இறுதிக் குறிப்பு இப்படி வந்தது:

‘கண்மாய் பாதிதான் நிறைந்த வருஷம், பயிர் தொண்டைக் கதிரில். தண்ணீரை முதலில் யார் வயலுக்கு விடுவது? சிவகங்கைப் பக்கம் நாற்பது வருஷம் மடை திறந்து மூடிய நீர்பாய்ச்சி ஒருவர் சொல்கிறார். ஏரி என்றாலும் குளம் என்றாலும் இவர் வேலை ஒன்றுதான்: ஆயக்கட்டில் யாரும் யாரையும் அடித்துக்கொள்ளாமல் தண்ணீர் போய்ச் சேர வேண்டும்.’

கீழே வரிசை, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

பழைய எபிசோடுகளை வாரம் இரண்டாக மாற்றி வருகிறோம். வெளியிட்டுவிட்ட குறிப்பைத் திருத்தலாமா என்று தயங்குபவர்களுக்காக: தாராளமாகத் திருத்தலாம். செயலிகள் உங்கள் நிகழ்ச்சியின் ஊட்டத்தை (ஃபீட், எபிசோடு விவரங்கள் அடங்கிய கோப்பு) மறுபடி வாசிக்கும்போது புதிய குறிப்பு போய்ச் சேர்ந்துவிடும். எபிசோடின் ‘ஜியுஐடி’ என்ற அடையாள எண்ணை மட்டும் தொடாதீர்கள். அது மாறினால் பழைய எபிசோடு புதிது போலக் காட்டப்பட்டு, சந்தாதாரர்கள் போனில் மறுபடி வந்து நிற்கும். ஹோஸ்டிங் தளத்தில் ‘திருத்து’ என்று போனால் எண் அப்படியே இருக்கும். எபிசோடை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினால்தான் வம்பு. நாங்கள் முதல் இரண்டை அப்படித்தான் செய்தோம்.